இப்னு பதூதாவுக்கு வயிறு சரியில்லை

பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பரீட்சையில் இப்னு பதூதா இரண்டு மார்க் கேள்வி. மொராக்கோ நாட்டுப் பயணி, முகமது பின் துக்ளக் காலத்தில் டெல்லிக்கு வந்தார், ‘ரிஹ்லா’ என்ற பயண நூலைத் தந்தார் என்று மூன்று வரி எழுதினால் வாத்தியார் முழு மார்க் போட்டுவிடுவார். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றியவர் என்று பெரிய வகுப்பில் சேர்த்துச் சொல்வார்கள். அந்தத் தூரத்தில் எந்தெந்த ஊரில் அவருக்குப் பேதி பிடித்தது, யார் வீட்டில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தார், வைத்தியச் செலவு யார் கணக்கில் போனது என்பதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை. புத்தகத்திலேயே சுவையான பகுதி அதுதான்.

கையில் காசில்லாமல் தேசாந்திரம் போகிறவனுக்கு நடக்கத் தெம்பிருந்தால் மட்டும் போதாது. நோய் வந்தால் யார் வீட்டு வாசலில் போய் விழுவது என்ற ஞானம் வேண்டும். அந்த ஞானத்தில் பதூதாவை மிஞ்ச ஆள் பிறக்கவில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

1325 ஜூன் மாதம் டாஞ்சியரிலிருந்து மெக்காவுக்குக் கிளம்பியபோது வயது 21. துணைக்கு ஆளில்லை. சேர்ந்து போக வணிகர் கூட்டமும் இல்லை. அப்பா அம்மா உயிரோடு இருந்தார்கள், பிரிவு கஷ்டமாக இருந்தது என்று சொல்லியிருக்கிறான். (‘சொல்லியிருக்கிறார்’ என்று எழுதலாம்தான். 21 வயதுப் பையனுக்கு என்ன அவசரம், கல்யாணம் ஆகட்டும்.) மடியில் எவ்வளவு முடிந்துகொண்டு கிளம்பினான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அடுத்த சில மாதங்களில் நடந்ததைப் பார்த்தால் அது சொல்லிக்கொள்ளும்படியான தொகை இல்லை என்று தெரிந்துவிடும்.

வழியில் துனிஸ் சுல்தானின் தூதர்கள் இரண்டு பேரோடு ஒட்டிக்கொண்டான். கோடை வெயில் மண்டையைப் பிளந்தது. மிலியானா ஊரில் தூதர்கள் இருவருமே படுத்துவிட்டார்கள். ஒருவர் எழுந்திருக்கவே இல்லை. பயணம் தொடங்கிய சூட்டிலேயே கூட வந்தவரை மண்ணில் வைத்துவிட்டு, பையன் இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் பிஜாயா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தான். அங்கே இவனுக்கே காய்ச்சல் கண்டது.

மிச்சமிருந்த தூதர் ஸுபைதி விவரமானவர். உடம்பு தேறும்வரை இங்கேயே இருந்துவிட்டு வா என்று புத்தி சொன்னார். பையன் மாட்டேன் என்றான். சாவு விதித்திருந்தால் மெக்கா இருக்கும் ஹிஜாஸைப் பார்த்தபடி வழியிலேயே செத்துக்கொள்கிறேன் என்று ஒரு பெரிய வசனத்தை எடுத்துவிட்டான். இதற்கு மேல் அவர் என்ன செய்வார்? அப்படியானால் நீ ஏறிவந்த பிராணியையும் கனமான சாமான்களையும் விற்றுத் தொலை, என்னிடமிருந்து ஒரு பிராணியும் கூடாரமும் இரவல் வாங்கிக்கொள், வழியில் கொள்ளைக்காரர் பயம், வேகமாகப் போகவேண்டும் என்றார். சாகப்போகிறவனுக்குச் சாமான் எதற்கு என்ற நியாயம்தான். பதூதாவின் வாழ்க்கையில் முதல் இரவல் இப்படிக் காய்ச்சலை முன்னிட்டு வந்தது. அதன் பிறகு அவன் வாழ்க்கையில் இரவலுக்குக் குறைவே இல்லை.

கான்ஸ்டன்டைன் ஊருக்கு வெளியே கூடாரம் போட்ட ராத்திரி, மழை கொட்டித் தீர்த்தது. பக்கத்து வீடுகளில் ஓடி ஒண்டினார்கள். மறுநாள் பார்க்க வந்த ஊர் ஆளுநர், சேறும் சகதியுமாக நின்ற பையனின் துணிகளைத் தன் வீட்டிலேயே வெளுக்கச் சொன்னார். மேல்துண்டு கிழிந்து நார்நாராக இருந்ததால் அதற்குப் பதிலாக நல்ல பால்பெக் துணி ஒன்று வந்தது. அதன் முனையில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால் இரண்டு தங்கக் காசு! பயணத்தில் கிடைத்த முதல் தானம் என்று கிழவனான பிறகும் அதை மறக்காமல் சொல்லியிருக்கிறான். கொடுத்தவர்களை மறக்காத குணம் அவனிடம் உண்டு. கொடுக்காதவர்களையும் மறப்பதில்லை.

போனா என்ற ஊரைத் தாண்டியபோது காய்ச்சல் முற்றிவிட்டது. இறங்கி ஓய்வெடுக்கலாம் என்றால் கொள்ளைக்காரர் பயம். ஏறி உட்காரலாம் என்றால் உடம்பு நிற்கவில்லை. தலைப்பாகைத் துணியை அவிழ்த்து, புளிமூட்டையைக் கட்டுவதுபோல் தன்னைத் தானே சேணத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். அந்தக் கோலத்தில்தான் துனிஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்தது. கூட வந்தவர்களை வரவேற்க ஊரே திரண்டு வந்து கட்டித் தழுவுகிறது; இவனை ஏன் என்று கேட்க நாதியில்லை. நடுவழியில் அழுதுவிட்டான். யாரோ ஒரு யாத்ரீகர் பார்த்துப் பக்கத்தில் வந்து, ஊருக்குள் போகும்வரை பேச்சுக் கொடுத்துத் தேற்றியிருக்கிறார்.

அழுகை நல்ல பலன் கொடுத்தது என்றே சொல்லவேண்டும். சில மாதத்திலேயே அங்கிருந்து கிளம்பிய ஹஜ் கூட்டத்துக்கு இவனைக் காஜியாக, அதாவது நீதிபதியாக, ஆக்கிவிட்டார்கள். காஜி ஆனதும் கூட வந்த ஒருவரின் மகளைக் கட்டிக்கொண்டான். மாமனாரோடு சண்டை வந்தது. அந்தப் பெண்ணை விட்டுவிட்டு, போகிற வழியிலேயே இன்னொரு கல்யாணம், கூட்டம் முழுவதையும் ஒருநாள் நிறுத்தி வைத்து விருந்து. கல்யாணம் ஒன்றுக்கு இரண்டாக ஆகிவிட்டதால் இனி ‘அவர்’.

1326 ரமலான் மாதம் டமாஸ்கஸ். நூருத்தீன் சகாவி என்ற மாலிக்கி மத்ஹப் பேராசிரியர், நோன்பு திறக்கத் தினமும் தன் வீட்டுக்கே வந்துவிடவேண்டும் என்று அன்புக் கட்டளை போட்டார். நாலு ராத்திரி போனார். ஐந்தாம் நாள் காய்ச்சல். போகாமல் இருந்தால் பேராசிரியர் விடுவாரா? ஆளனுப்பி வரவழைத்துத் தன் வீட்டிலேயே படுக்க வைத்தார். காலையில் இவர் ஒப்புக்கு, நான் கிளம்புகிறேன் என்றதும் அவர், இதை உன் அப்பா வீடாக, அண்ணன் வீடாக நினைத்துக்கொள் என்றிருக்கிறார். இந்த மாதிரி உபசாரப் பேச்சை நம் ஊரிலும் தாராளமாகச் சொல்வோம், எதிராளி நிஜமாகவே பாயை விரித்துவிட மாட்டான் என்ற நம்பிக்கையில். பதூதா விரித்தார். வைத்தியர் வந்தார், சொன்ன மருந்தும் பத்தியச் சாப்பாடும் அந்த வீட்டு அடுப்பிலேயே தயாராயின. பெருநாள் வரை ராஜ உபசாரம். எழுந்து உட்கார்ந்தபோது கைக்காசு கரைந்திருந்தது. பேராசிரியர் ஒட்டகம் பேசிவிட்டு, வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்து, ஆபத்துக்கு உதவும் என்று பணமும் கொடுத்து அனுப்பினார். காய்ச்சலோடு போய் லாபத்தோடு வெளியே வந்த நோயாளியை வேறெங்காவது கேள்விப்பட்டதுண்டா?

இது ஒரு தனிமனிதரின் பெருந்தன்மை மட்டும் இல்லை. ஜகாத் வாங்கத் தகுதியுள்ள எட்டு வகையாரில் வழிப்போக்கரும் ஒருவர். ஊருக்கு ஊர் மதரஸா, ஸாவியா என்று தங்க இடம். டமாஸ்கஸில் எதெதற்கெல்லாம் வக்ஃபு, அதாவது அறக்கட்டளை, இருந்தது என்று பதூதா ஒரு பட்டியலே போடுகிறார். வழிப்போக்கருக்குச் சோறும் துணியும் ஊர்போய்ச் சேரச் செலவும் கொடுக்க ஒரு வக்ஃபு. இதையெல்லாம் விட வேடிக்கை, பாத்திரம் உடைந்தால் பதில் பாத்திரம் வாங்கிக் கொடுக்க ஒரு வக்ஃபு! ஒரு சிறுவன் எஜமானின் பீங்கான் தட்டைத் தெருவில் போட்டு உடைத்துவிட்டு முழிக்கிறான். கூட்டம் கூடுகிறது. யாரோ ஒருவர், சில்லுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வக்ஃபு அதிகாரியிடம் வா என்கிறார். சில்லைக் காட்டியதும் தட்டு வாங்கப் பணம் கிடைத்துவிடுகிறது, முதுகில் விழவேண்டிய அடியும் தப்பிவிடுகிறது. இந்த ஏற்பாடு இருந்த உலகத்தில் 21 வயதுப் பையன் காய்ச்சலோடு கிளம்பியது அசட்டுத் துணிச்சல் இல்லை, சரியான கணக்கு.

டமாஸ்கஸ் நகர வர்ணனையில் ஒரு சங்கதி உண்டு. 1355இல் ஃபெஸ் நகரத்தில் பதூதா சொல்லச்சொல்ல எழுதி முடித்த இப்னு ஜுஸய், நகர வர்ணனைகளைத் தனக்கு முந்தைய பயணி இப்னு ஜுபைரின் நூலிலிருந்து கூச்சமில்லாமல் அள்ளிப்போட்டிருக்கிறார். சீனாப் பகுதியைச் சந்தேகிக்கிற அறிஞர்களும் உண்டு. நான் நோய்ப் பகுதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறேன். பேதியை யாரும் அடுத்தவர் புத்தகத்திலிருந்து காப்பியடிக்கமாட்டார்கள்.

பேதி என்றதும் 1327 ஹஜ் பயணம் நினைவுக்கு வருகிறது. இந்த முறை பாக்தாதிலிருந்து அரசாங்கச் செலவில் ஒட்டகப் பல்லக்கில் பாதி இடம், நாலு பேருக்கான சாப்பாடு தண்ணீர். சொகுசு ஒத்துக்கொள்ளவில்லை. கூஃபாவை விட்டதும் வயிறு கழன்றுவிட்டது. ஒட்டகத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பவருக்கு அவசரம் என்றால் அது லேசுப்பட்ட காரியமா? ஆளை இறக்கவேண்டும், காத்திருக்கவேண்டும், மறுபடி ஏற்றவேண்டும். ஒரு நாளைக்குப் பல தடவை இது நடந்தது. சுற்றிலும் வெட்டவெளிப் பாலைவனம், மறைவுக்கு ஒரு புதர் கூடக் கிடையாது. கூட்டத்துத் தலைவர் அடிக்கடி ஆளனுப்பி விசாரித்துக் கவனித்துக்கொண்டார். மெக்கா போயும் நிற்கவில்லை. தொழுகையை உட்கார்ந்தபடி முடித்தார். ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு நடுவே ஓடவேண்டிய ஓட்டத்தைத் தலைவரின் குதிரைமேல் உட்கார்ந்து முடித்தார். நோயில் படுத்தாலும் இவருக்கு வாகனம் கிடைத்துவிடும்.

ஓமன் கடற்கரையில் நடந்தது நோயில்லை, புத்திக்கொள்முதல். கப்பல் சூர் ஊரில் நின்றது. தூரத்தில் குன்றுமேல் கல்ஹாத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிகிற ஊருக்கு நடந்தே போய்விடலாம் என்று ஒரு மாலுமியை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டு, கிழர் என்ற இந்தியர் ஒருவரோடு கிளம்பினார். துணிமூட்டை வழிகாட்டியின் தோளில். கொஞ்ச தூரத்திலேயே புரிந்துவிட்டது, அவன் கண் வழியில் இல்லை, மூட்டையில் இருக்கிறது. கடல் உள்வாங்கிய ஓடை ஒன்றில் இவர்களை இறக்கி மூழ்கடித்துவிட்டு மூட்டையோடு கம்பி நீட்டத் திட்டம். பதூதா கையில் ஈட்டி வைத்திருந்ததால் பிழைத்தார். தண்ணீரில்லாத ராத்திரி, கிழருக்கு உடம்பு சுகமில்லை, பதூதா ஈட்டியும் கையுமாகக் காவல். மறுநாள் ஊர் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கால் வீங்கிச் செருப்புக்குள் நெரிபட்டு, நகக்கண்ணில் ரத்தம் கட்டி நின்றது. அடுத்து என்ன நடந்திருக்கும் என்று இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆளுநர் வீட்டில் ஆறு நாள் விருந்தாளி. எழுந்து நிற்க முடியாத நிலையிலும் அங்கே இலையில் சுட்டு, சோற்றின்மேல் வைத்துத் தின்ற மீனின் ருசியைச் சொல்ல மறக்கவில்லை. கால்தானே வீங்கியது, நாக்குக்கு என்ன?

டெல்லியில் துக்ளக்கிடம் காஜி வேலை பார்த்தபோது பதூதாவிடம் காசு புரண்டது. செலவு அதைவிட வேகமாகப் புரண்டது. வியாபாரிகளிடம் 55,000 தினார் கடன் வைத்து, அதையும் சுல்தானையே அடைக்க வைத்தார். பணக்கார பதூதாவைப் பற்றி எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. நல்லவேளையாகக் கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தில் புயல் வந்து, சீனச் சக்கரவர்த்திக்குக் கொண்டுபோன பரிசுகளோடு மரக்கலம் மூழ்கியது. மிஞ்சியது பத்து தினாரும் படுக்கிற விரிப்பும். பழைய பதூதா திரும்பிவந்தார். மாலத்தீவுக்குப் போய்க் காஜியாகி, வழக்கம்போல் கல்யாணங்கள் செய்து, வழக்கம்போல் காய்ச்சலில் விழுந்தார். அந்தத் தீவுக்குப் போகிறவர் யாரும் காய்ச்சல் காணாமல் திரும்ப முடியாதாம்.

அங்கிருந்து இலங்கை, அங்கிருந்து கிளம்பினால் மறுபடி கப்பல் உடைந்து நம் சோழமண்டலக் கரை. அப்போது மதுரையை ஆண்டவர் கியாசுத்தீன் தாம்கானி. போசள மன்னர் வல்லாளரைக் கொன்று, தோலை உரித்து வைக்கோல் திணித்து, மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்ட புண்ணியவான். பதூதா டெல்லியில் கட்டிய மனைவியின் சகோதரிதான் இவருக்கும் மனைவி. ஆகவே இரண்டு பேரும் சகலை. நடுக்கடலில் கப்பல் உடைந்து கரையேறினாலும் ஒதுங்குகிற கரையில் சகலை ராஜாவாக இருக்கிறார் பாருங்கள், அதுதான் பதூதாவின் ஜாதகம்.

சகலையின் உடம்பு ஏற்கெனவே சரியில்லை. ஆண்மை பெருக்க ஒரு யோகி மாத்திரை உருட்டிக் கொடுத்திருந்தார். சேர்மானத்தில் இரும்புத்தூள் உண்டாம். அளவோடு சாப்பிடச் சொன்னதை சுல்தான் அளவில்லாமல் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். இந்த நேரம் பார்த்து மதுரையில் கொள்ளை நோய். கண்டவர்கள் இரண்டு மூன்று நாளில், மிஞ்சினால் நாலாம் நாளில் போய்விட்டார்கள். வெளியே போனால் நோயாளியையோ பிணத்தையோ தவிர வேறு யாரையும் பார்க்க முடியவில்லை என்கிறார். நோய் நொடி இல்லாதவள் என்று சொல்லி விற்ற ஓர் அடிமைப் பெண்ணை வாங்கினார். மறுநாளே அவள் இறந்துபோனாள். ஊரே சாகும்போது அடிமை வாங்கக் கடைக்குப் போன மனிதரை என்னவென்று சொல்ல? சுல்தான் வீட்டிலும் சாவு விழுந்து, கடைசியில் சுல்தானும் போய்ச் சேர்ந்தார்.

அடுத்து பதூதாவுக்கே காய்ச்சல். இதுதான் கடைசி என்று முடிவுகட்டிவிட்டார். டமாஸ்கஸ் பேராசிரியர் மதுரையில் இல்லை. சகலையும் இல்லை. ஆனால் மதுரையில் புளி இருந்தது. இறைவன் மனசுக்குள் சொன்னானாம். ஏறக்குறைய ஒரு ராத்தல் புளியை எடுத்துத் தண்ணீரில் போட்டுக் குடித்துவிட்டார். ஒரு ராத்தல்! அதில் ஒரு கல்யாணப் பந்திக்கே ரசம் வைத்துவிடலாம். மூன்று நாள் வயிறு போனது போனபடி. நாலாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. புளிக்கரைசல் பேதியாக்கும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்த வைத்தியம்தான், அவர்கள் சொல்கிற அளவு எலுமிச்சங்காய் அளவு. கொள்ளை நோயைப் புளி விரட்டியதா, இவ்வளவு புளியைக் கண்டு நோயே பயந்து ஓடியதா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை.

பிழைத்ததும் அந்த ஊர்மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. புதிய சுல்தான் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. கப்பலேறினார். மலையாளக் கரையில் கடற்கொள்ளைக்காரர்கள் மடக்கி, நகை, துணிமணி, வழிச்சாப்பாடு எல்லாவற்றையும் உருவிக்கொண்டு கால்சட்டையோடு கரையில் இறக்கிவிட்டார்கள். அதே கோலத்தில் கள்ளிக்கோட்டை மசூதிக்குள் போனார். மார்க்க அறிஞர் ஒருவர் அங்கி கொடுத்தார், காஜி தலைப்பாகை கொடுத்தார், ஒரு வியாபாரி இன்னொரு அங்கி கொடுத்தார். பழைய படிக்கு முழு மனிதர்!

1348இல் ஊர் திரும்பும்போது சிரியா முழுவதும் கருஞ்சாவு. டமாஸ்கஸில் ஒரே நாளில் 2,400 பேர்வரை செத்தார்கள் என்று எழுதுகிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மா அந்த நோயிலேயே போயிருந்தார். அதன் பிறகு பக்கத்து ஊரான சியூட்டாவில், சொந்த மண்ணில், மூன்று மாதம் படுத்தார்.

1352இல் சஹாராவைத் தாண்டி மாலி ராஜ்யம். பாலைவனத்தில் பேன் தொல்லைக்குப் பாதரசம் தோய்த்த கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொள்கிறார்கள். அந்த வைத்தியத்தின் பக்கவிளைவை யாரும் எழுதிவைக்கவில்லை. ஒருநாள் நைஜர் ஆற்றங்கரையில் காலைக்கடனுக்கு உட்கார்ந்தார். உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து இவருக்கும் ஆற்றுக்கும் நடுவில் நின்றுகொண்டார். நகரவே இல்லை. இப்படியும் வெட்கம் மானம் இல்லாத மனிதர் உண்டா என்று பதூதா கொதித்துப்போய் இன்னொருவரிடம் முறையிட்டபோதுதான் தெரிந்தது, கரையில் முதலை இருந்தது, அது இவரைத் தூக்கிவிடாமல் அந்த மனிதர் காவலுக்கு நின்றிருக்கிறார்.

தலைநகருக்கு வந்து பத்து நாள் கழித்து ஒரு களி சாப்பிட்டார்கள். சேப்பங்கிழங்கு மாதிரி ஒரு கிழங்கில் கிண்டியது, அந்த ஊரில் உயர்ந்த பண்டம். சாப்பிட்ட ஆறு பேரும் படுத்தார்கள், ஒருவர் இறந்தார். பதூதா விடியற்காலைத் தொழுகையில் மயங்கி விழுந்தார். எகிப்தியர் ஒருவர் ஏதோ வேர்களோடு சோம்பும் சர்க்கரையும் சேர்த்துத் தண்ணீரில் அடித்துக் கொடுத்தார். தின்றதெல்லாம் மஞ்சள் பித்தத்தோடு வெளியே வந்தது. சேம்பு இனத்துக் கிழங்கைப் புளிவிட்டு வேகவைக்காவிட்டால் தொண்டையை அறுக்கும் என்பது தமிழ்நாட்டில் சமையல் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். மதுரையில் ஒரு ராத்தல் புளியை முழுங்கினாரே, சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

இரண்டு மாதம் படுக்கை. எழுந்து தேறியதும் மன்னர் மன்சா சுலைமானிடமிருந்து வரவேற்பு அன்பளிப்பு வந்திருக்கிறது, எழுந்து வாருங்கள் என்று ஓடிவந்து சொன்னார்கள். பட்டாடையும் பொன்னும் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போனார். மூன்று ரொட்டி, பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று, சுரைக்குடுக்கையில் தயிர். பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். துக்ளக்கிடம் வாங்கிய கை அல்லவா!

சிரித்துவிட்டு சும்மா இருக்கவில்லை. சபையில் எழுந்து நின்று, உலகமெல்லாம் சுற்றி எத்தனையோ மன்னர்களைப் பார்த்தாயிற்று, உங்கள் ஊருக்கு வந்தும் மாதக்கணக்காகிறது, விருந்தும் இல்லை, பரிசும் இல்லை, மற்ற சுல்தான்களிடம் உங்களைப் பற்றி நான் என்ன சொல்வது என்று ஒரு போடு போட்டார். மன்னர், உங்களை நான் பார்த்ததே இல்லையே என்றார். பக்கத்தில் இருந்த காஜி எழுந்து, வந்து சலாம் சொன்னாரே, நீங்கள்கூடச் சாப்பாடு அனுப்பினீர்களே என்று எடுத்துக்கொடுத்தார். அன்றே தங்க ஒரு வீடும் படியும் ஏற்பாடாயின. பிறகு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் என்கிற கணக்கில் ஒரு தொகை பொன்னும், புறப்படும்போது நூறு மித்கால் பொன்னும் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் மடியில் கட்டிக்கொண்டு ஊர் வந்த பதூதா, சுலைமான் ஒரு கருமி, அவரிடம் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்க முடியாது என்று புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டார்.